திரி வைத்த தமிழர்

கேள்வி: எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி ஒருமுறைகூடக் கோப்பை வென்றதில்லை. பயிற்சியாளர் மாறினால் கதை மாறுமா?
– கல்லூரி மாணவர், சூலக்கரை

பதில்: மாறும், தம்பி! 1973 வரை கேரளமும் மாநிலங்களுக்கிடையிலான கால்பந்துக் கோப்பையான சந்தோஷ் டிராபியைத் தொட்டதில்லை. அந்த ஆண்டு பயிற்சி தந்தவர் நம் தமிழர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்டவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

1973 சந்தோஷ் டிராபி இறுதியாட்டம் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில். கேரளக் கேப்டன் மணி மூன்று கோல் அடித்தார். ரயில்வே அணி 3-2 எனத் தோற்றது. மறுநாள் மாநிலத்துக்கே விடுமுறை!

திரி இல்லாமல் சரவெடி வெடிக்காது என்பதைச் பட்டாசு மாவட்டத்துச் சூலக்கரைப் பிள்ளைக்கா சொல்ல வேண்டும்? மருந்து உங்கள் காலில் இருக்கிறது. பற்றவைக்கும் ஆசானைத் தேடுங்கள்.