ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

ஏன்டா தம்பி, பிரான்சுக்கு டிக்கெட் போட்டாச்சாமே? எதுக்காம்? கல்லு சடக்குல சைக்கிள் மிதிக்கவாம். உங்கம்மா போன்ல சொன்னா. காது மந்தமாயிருச்சோன்னு இன்னொரு தடவை கேட்டேன். மறுபடியும் கல்லு சடக்குன்னுதான் சொன்னா.

சரி, உக்காரு. கோப்பி ஆறுது, குடி.

பன்னிரண்டாயிரம் வெள்ளி குடுத்து வாங்கியிருக்கே. கொஞ்சம் திருப்பு, பாக்கறேன். வளைஞ்ச ஹேண்டல், தடிச்ச டயர். ஸ்டாண்டு எங்கே? இல்ல. மணி? இல்ல. கேரியர்? அதுவும் இல்ல. மட்கார்டுமா இல்ல? அப்ப மழை பேஞ்சா சேறு எங்கே அடிக்கும்? முதுகுல. பன்னிரண்டாயிரம் குடுத்தவன் முதுகுல! இதை வித்தவனை எனக்கு ஒரு நாள் காட்டு. கும்பிடணும்.

கால்சட்டைக்குள்ள மெத்தை வேற. சீட்டு கல்லா இருக்குன்னா சீட்டுக்கு மெத்தை போடுவாங்க. இவன் சீட்டைக் கல்லாவே விட்டுட்டு ஆளுக்கு மெத்தை போட்டிருக்கான். மேடு ஏறினேன்னு சொல்றதுக்கு ஹேண்டல்ல ஒரு பொட்டி. ஏன், உன் காலு உன்கிட்ட சொல்லாதா?

அந்தக் குப்பி என்ன? டயருக்குள்ள டியூப் கெடையாது, இந்த வெள்ளைத் தண்ணியை ஊத்தினா முள்ளு குத்தின ஓட்டையை அதுவே அடைச்சுக்கும்ங்கிறே. விஞ்ஞானம்ங்கிறே. குடு இங்கே, மோந்து பாக்கறேன். அட! அம்மோனியா வாடை. டேய், இது பால்டா. கித்தாப் பால்! வெட்டின பால் வாளியிலயே கட்டியாயிரக் கூடாதுன்னு நாங்க இதே அம்மோனியாவைத்தான் சொட்டு விடுவோம். உங்க பாட்டி சோப்பு போட்டுத் தேச்சும் கையை விட்டுப் போகாத வாடை இது. அதைக் குப்பியில அடைச்சு, வெளிநாட்டுப் பேரை ஒட்டி, பால்வெட்டுக்காரி பேரன்கிட்டயே வித்துட்டான். வெலையையாவது கொறைச்சுக் கேட்டியா? கேட்டிருக்க மாட்டே.

காத்தடிச்ச டயர் எப்படி வந்துச்சு தெரியுமா? 1888-ல பெல்பாஸ்ட் ஊருல டன்லப்புன்னு ஒரு மாட்டு டாக்டர். மகனோட மூணு சக்கர வண்டி கல்லுல கடகடன்னு ஆடுதேன்னு ரப்பர்க் குழாயில காத்தடிச்சுச் சக்கரத்துல சுத்தினார். பையன் சுகமா ஓட்டினான். உலகத்துக்கு ரப்பர்ப் பசி பிடிச்சுது. 1896-ல நம்ம மலாக்காச் சீனர் டான் சே யான் புக்கிட் லிந்தாங்குல கித்தா நட்டார். மலாயாவுல யாவாரத்துக்குன்னு போட்ட முதல் கித்தாத் தோட்டம் அதுதான். நீ வாயைப் பொளந்து பாக்கிறியே பாரிஸ்–ரூபே பந்தயம், கருங்கல்லு பாவின சடக்குல? அதுவும் அதே 1896-லதான் ஆரம்பம். அந்த வருசம் ஜெயிச்சவன் ஜோசப் பிஷர்ங்கிற ஜெர்மன்காரன். அதைப் பத்திரமா எழுதி வச்சிருக்காங்க. என் தாத்தன் எந்தக் கப்பல்ல, எந்த வருசம் வந்து எறங்கினான்னு கேளு. நம்ம வீட்டுல ஒரு துண்டுக் காகிதம் கெடையாது.

நீ போற எடம் எது? சரான்ட்டா? கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம், நடுவுல திராட்சைத் தோட்டம். நல்ல எடம்தான். அங்க பார்பெசியேன்னு ஒரு சின்ன ஊரு. அந்த ஊருக்காரன் ஆன்ரி ஃபோகோனியே, 1905-ல மலாயாவுக்கு வந்தான். சிலாங்கூர்ல கித்தாத் தோட்டம் போட்டான். 1917-ல தென்னமரம் தோட்டத்துல செம்பனை நட்டான். இந்த நாட்டுல யாவாரத்துக்கு நட்ட முதல் செம்பனை. வேலைக்கு யாரு? நம்ம ஆளுங்கதான். அப்புறம் மலாயாவைப் பத்தி ஒரு நாவல் எழுதி, 1930-ல அவங்க நாட்டுப் பெரிய பரிசு கோன்கூரையும் வாங்கினான். பாத்தியா? அந்த மேட்டுல இருந்து இந்த மேட்டுக்கு வந்தவன் தோட்டமும் போட்டான், பேரும் எடுத்தான். நீ இங்கேயிருந்து அங்கே போய் என்ன எடுப்பே? போட்டோ எடுப்பே.

கல்லு சடக்குக்கு நம்மகிட்ட என்ன பஞ்சம்? ஜாசின்ல பசியாறிட்டு ஆசாகான் பக்கம் திரும்பு. ரெண்டு பக்கமும் செம்பனை. உள்ள நுழைஞ்சா செம்மண் சடக்கு மேட்டுல ஏறும், பள்ளத்துல விழும், மறுபடி ஏறும். குனோங் லேடாங் 1,276 மீட்டர் ஒசரத்துல நின்னு உன்னை வேடிக்கை பாக்கும். மலாக்காவுல பெரிய மலை கெடையாது. மூச்சு வாங்குற அளவுக்கு மேடு இருக்கு, செத்துப் போற அளவுக்கு இல்ல. இதைத்தானே அங்கேயும் தேடுறே? வாசல்ல பலா பழுத்து வெடிச்சுக் கெடக்கு, நீ டின்னுல அடைச்ச சுளைக்கு பாசா மாலாம்ல வரிசை நிக்கிறே.

ஆனா ஒண்ணு. இந்தச் சடக்கை ஒடம்பு வளைய மிதிக்கிறதுக்குன்னு எவனும் போடல. பால் லோரி போறதுக்குப் போட்டான். விடியுமுன்னே பெரட்டுக்கு நிக்கணும். கிராணி பேர் கூப்பிடுவார். அப்புறம் நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு நெறைக்கு ஓடணும். வெட்டி முடிச்சு, பால் எடுத்து, முன்னாடி காலத்துல காண்டாவுல தூக்கினாங்க. சைக்கிள் வந்தப்புறம் கேரியர்ல ரெண்டு பக்கமும் டின்னைக் கட்டினோம். அது ஏறுறதுகூடச் சமாளிக்கலாம், எறக்கம்தான் சள்ளை. பிரேக்கு பிடிச்சா பாலு சிந்தும். பிடிக்கலேன்னா பல்லு சிந்தும். எது வெலை கூடுதல்னு அந்த ஒரு நொடியில கணக்குப் போடணும். நாங்க பெரும்பாலும் பாலைத்தான் காப்பாத்தினோம். பல்லுக்கு கிராணி சம்பளம் வெட்ட மாட்டாரில்ல?

இன்னொரு கூட்டமும் இந்த நாட்டுக் கல்லு சடக்குல சைக்கிள் மிதிச்சுது. எங்கப்பா சொல்லுவார். 1941 டிசம்பர் 8-ல ஜப்பான்காரன் கோத்தாபாருவுல எறங்கினான். எழுபதே நாள்ல சிங்கப்பூர் அவன் கையில. பாதிப் படை சைக்கிள்லதான் வந்துச்சோன்னு சனங்களுக்குத் தோணிச்சாம். டயர் வெடிச்சா ஒட்டிக்கிட்டு நிக்க மாட்டான், வெறும் ரிம்முலயே உருட்டுவான். ராத்திரியில அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருதுன்னு மிரண்ட சிப்பாய்ங்க உண்டு. அவன்கிட்ட மெத்தைக் கால்சட்டை இருந்ததா அப்பா சொன்னதில்ல.

வந்தவன் சும்மா இருந்தானா? தம்பின்ல இருந்து மலாக்காவுக்கு ஓடின ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தான். சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனான். தோட்டத்து ஆளுங்களையும் பிடிச்சுக்கிட்டுப் போனான். அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். அந்தக் கணக்கு எல்லா எடத்துலயும் இருக்கு. லயத்துல எந்தெந்த வீடு காலியாச்சுங்கிற கணக்குதான் கெழவிங்க வாயில மட்டும் இருந்துச்சு. மலாக்கா டவுனுக்கு ரயில் இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரலை. பிரான்சுல ஓடாமப் போன ரயில் பாதையில மண்ணைக் கொட்டி, சமமாக்கி, சைக்கிள் பாதையாக்கி வச்சிருக்கான். நீ அதுல போவே. ரயில் பாதைங்கிறதால மேடு தெரியாம ஏறும். அதுக்கும் உன் பொட்டி கணக்கு எழுதும்.

காசைப் பத்தி நான் பேசக் கூடாது, உன் சம்பாத்தியம். இருந்தாலும் வாய் சும்மா இருக்குதா? வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுக் கெளம்பினப்போ, 1960-ல மந்திரி சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். மாசம் பத்து வெள்ளி கட்டு, தோட்டத்தை நாமளே வாங்குவோம்னார். அந்தப் பத்து வெள்ளிக்கு வீட்டுல எத்தனை சண்டை! உன் சைக்கிளை அந்தத் தவணையில கட்டியிருந்தா எவ்வளவு நாள் ஆகும்? ஆயிரத்து இருநூறு மாசம். நூறு வருசம். உன் பேரன் கட்டி முடிப்பான்.

மொகத்தைத் தூக்காதே. சைக்கிள் மிதிக்கிறது நல்லதுதான். கார்ல உக்காந்து முட்டி தேஞ்சவனைவிட நீ மேல். பிரான்சுலயும் எனக்குப் பங்காளி ஒருத்தன் இருந்தான். சாந்த்-எத்தியேன் ஊரு, பேரு பால் தெ விவி. வெலோசியோன்னு புனைபேரு வச்சுக்கிட்டு சைக்கிள் பத்திரிகை நடத்தினான். 1930-ல செத்தான். பசிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகத்துக்கு முன்னாடி குடின்னு சைக்கிள்காரனுக்குப் புத்தி சொன்னவன். பவுசுக்காக மிதிக்காதேன்னும் சொல்லி வச்சான். அவன் நாட்டுக்குத்தானே போறே, அவன் பேச்சையாவது கேளு. அங்க கிராமத்துக் கடையெல்லாம் மத்தியானம் சாத்திருவான். ஞாயித்துக்கிழமை ரொட்டிக்கு அலையணும். நம்ம ஊரு ஒட்டுக்கடை மாதிரி எப்பவும் தொறந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டு வெறும் வயித்தோட கெளம்பிராதே.

போறதுக்கு முன்னாடி ஒருதரம் நம்ம பழைய தோட்டத்துக்குள்ள ஓட்டிப் பாரு. ஓலை வெட்டிப் போட்ட எடத்துல ஓரமாப் போகாதே, மட்டை முள்ளு உன் பால் டயரையும் பதம் பாக்கும். மழை பேஞ்ச மறுநாள் வேண்டாம், செம்மண்ணு வழுக்கும். கேட்டுல ஜாகா நிப்பாட்டுவாரு. மேடு ஏற வந்தேன்னு சொன்னா நம்ப மாட்டாரு, குலை திருட வந்தவன்னு நெனப்பாரு. தாத்தா இங்கதான் மரம் வெட்டினாரு, மாரியம்மன் கோயிலுக்குப் போறேன்னு சொல்லு. பொய்யும் இல்ல, கோயில் இன்னும் உள்ளதான் இருக்கு. ஆனா தமிழ்ல சொல்லிக்கிட்டு நிக்காதே. அவரு நேப்பாளக்காரரு. மலாய்ல சொல்லு.