ரசிகர் ஓவியம் எடுத்தாளல்: மரபும் வழுவமைதியும்

அபிமான நடிகரின் பிறந்தநாளுக்காக ஒரு ரசிகர் இரவெல்லாம் விழித்து ஒரு படம் வரைகிறார். விடியும்போது அந்தப் படம் முன்பின் தெரியாத ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கிறது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் கடைப்பிடிக்கப்படும் ஒழுக்க முறைகளுக்கு இலக்கணம் காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

இலக்கணம் ஏற்கெனவே இருக்கிறது என்பது முதல் கண்டுபிடிப்பு. சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்று விதிக்கும் நன்னூல், ஆக்கியோன் பெயரை முதலிலும், அந்நூல் எதன் வழியாக வந்தது என்பதை இரண்டாவதாகவும் வைக்கிறது. ஆனால் அதை இயற்றிய பவணந்தியார் காலத்தில் எல்லாம் ஓலை. இன்றைய படத்தில் கீழ் மூலையை வெட்டினால் ஆக்கியோன் மட்டும் போவான், நாயகன் முழுதாக நிற்பான். இந்த வசதியை நன்னூலார் எதிர்பார்க்கவில்லை.

வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்காகப் பகுக்கிறது தொல்காப்பியம். எடுத்தாள்வோர் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நான்கையும் வழுவாமல் செய்கிறார்கள். கையெழுத்து இருக்கும் பக்கத்தைக் கத்தரித்துச் சதுரமாக்குவது தொகுத்தல். ஐந்து பேர் வரைந்ததை ஒரே போஸ்டரில் ஒட்டிப் பின்னணியில் தீப்பொறி பறக்கவிடுவது தொகைவிரி. ‘தலைவா’ இருந்த இடத்தில் ‘அனைவரும் வருக’ என்று மாற்றுவது மொழிபெயர்ப்பு.

விரித்தலைத் தனியே பார்க்க வேண்டும். பல கைமாறித் தேய்ந்த படத்தை ஃபிளெக்ஸ் கடையில் பத்தடிக்கு எட்டடியாக இழுக்கிறார்கள். நாயகனின் கண் கறுப்பும் பழுப்புமாகச் சதுரம் சதுரமாகப் பிரிகிறது. டிசைனர் ஓவியரின் பெயரை அழித்திருப்பார். ஆனால் மறுநாள் காலை மண்டபத்தில் பேனர் நின்றாக வேண்டிய அவசரத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்பதன் வால் மட்டும் தப்பிவிடும். காதணி விழா பேனரில், தாய்மாமன்களின் வரிசைக்கு மேலே, ஓரடி உயரத்தில் ‘ர்ட்ஸ்’ என்று நிற்கும். விருந்தினர் யாரும் அது யாரென்று கேட்பதில்லை. தாய்மாமன் வகையில் யாரோ என்று விட்டுவிடுகிறார்கள்.

இதனால் கையெழுத்து இடம்பெயரத் தொடங்கியது. முதலில் வலது கீழ் மூலை. அது கத்தரிக்குப் பலியானதும் சட்டைப் பைக்கு ஏறியது. அங்கிருந்தும் துடைக்கப்பட்டதால் தாடிக்குள் ஒளிந்தது. சில ஓவியர்கள் கன்னத்தின் குறுக்கே பெரிதாகவே எழுதிவிடுகிறார்கள்; படத்தை எடுத்தவர் அதற்கும் கோபித்துக்கொள்கிறார். “இப்படிப் போட்டா படத்தோட அழகே கெடுதே ப்ரோ” என்கிறார்.

கையால் பேனர் வரைந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1957-இல் ‘வணங்காமுடி’க்குச் சிவாஜி கணேசனின் மாபெரும் கட்-அவுட் செய்த மோகன் ஆர்ட்ஸ் பெயர் இன்றும் பேசப்படுகிறது. பேனர் ஓவியர்கள் மூலையில் கம்பெனிப் பெயரை எழுதிவிடுவார்கள். சாரம் கட்டி ஏறி அதை அழிக்கும் அளவுக்கு அப்போது யாருக்கும் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, பெயர் சொல்லியும் சொல்லாமலிருக்கும் கலை. ‘நன்றி: இணையம்’ என்பது இத்துறையின் மகத்தான சாதனை. நன்றி செலுத்தியாயிற்று, யாருக்கும் செலுத்தவில்லை. ‘பட உதவி: கூகுள்’ என்பது இதன் கிளை வழக்கு. ‘உரியவருக்கே எல்லாப் பெருமையும்’ என்பது இன்னும் நுட்பமானது: உரியவர் ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறது, அவரைத் தேடும் வேலையை அவரிடமே விட்டுவிடுகிறது. படத்தைக் கொடுத்தால் மூலத்தைத் தேடித்தரும் வசதி கூகுளில் 2011 முதல் இருக்கிறது என்று இவர்களிடம் சொல்வது நாகரிகம் ஆகாது.

எடுத்தாள்வோர் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. ‘வரைந்தவர் மட்டும் நடிகரிடம் கேட்டாரா? தயாரிப்பாளரிடம் கேட்டாரா?’ கேட்கவில்லைதான். ஆனால் அது ஓவியருக்கும் படக்கம்பெனிக்கும் உள்ள கணக்கு. ஓசி விளம்பரம் என்று கம்பெனி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அந்தச் சலுகை மூன்றாமவருக்கு வாரிசுரிமையாக வராது. மேலும் ஓவியர் எடுத்தது முகத்தை. இவர் எடுப்பது உழைப்பை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் தூரிகையைத் தொட்டுப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது ஆய்வாளரின் துணிபு.

சட்டமும் ஆக்கியோன் பக்கமே சாய்கிறது. 1957-இன் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்றுவிட்டவருக்கும் ‘இது என்னுடையது’ என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. நற்பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கவும் இடமளிக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்துக் கிடங்கில் போட்டது. அரசே செய்யச் சொல்லி வாங்கிய சிற்பம்தான். இருந்தும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய துண்டுகளைச் சிற்பியிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. ஃபிளெக்ஸ் கடைகளில் இத்தீர்ப்பு அதிகம் விவாதிக்கப்படுவதில்லை.

விதிவிலக்கு, ரசிகர்கள் எல்லோரும் ஒரே முகப்புப் படமாக வைத்துக்கொள்ளும் காமன் டிபி. அதை எல்லோரும் எடுக்க வேண்டும் என்றே வரைகிறார்கள், எடுக்காவிட்டால்தான் வருத்தம். அங்கே எடுத்தல் வழாநிலை, பெயரை அழித்தல் மட்டுமே வழு.

கடைசியாக, அனுமதி கேட்டல். இது அருகிய வழக்கு என்றாலும் சான்றுகள் உண்டு. பெரும்பாலும் பேனர் கட்டி முடித்தபின் நிகழ்வது. “ப்ரோ, உங்க எடிட் ஒண்ணு யூஸ் பண்ணிக்கிட்டோம், ஓகேதானே?” ஓவியரும் பெரும்பாலும், “பண்ணிக்கோங்க ப்ரோ, பேரை மட்டும் போட்டுடுங்க” என்கிறார். அடுத்த பேனரில் போட்டும் விடுகிறார்கள், எழுத்துப்பிழையோடு. இதை வழு என்பதா, வழுவமைதி என்பதா என்பதில் அறிஞர்கள் மாறுபடுவர்.