பொது ஊழியர் அல்லாத மாண்புமிகு

எம்எல்ஏ ஒரு பொது ஊழியரா?

தேர்தல் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். கும்பிட்ட கையை இறக்காமலே பதில் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் வேலைக்காரன், உங்கள் காலுக்குச் செருப்பு. சுவரொட்டியிலும் அதுவேதான். 2025 டிசம்பர் 23 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதே கேள்வி வந்தபோது கிடைத்த பதில் வேறு. எம்எல்ஏ பொது ஊழியர் அல்ல. அந்த ஒரு 'அல்ல', ஆயுள் தண்டனைக் கைதி ஒருவருக்குச் சிறைக் கதவைத் திறந்துவிடப் பார்த்தது.

கைதியின் பெயர் குல்தீப் சிங் செங்கர். உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்துக்காரர். நாலு முறை எம்எல்ஏ. மூன்று கட்சி. 2017 ஜூனில் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்துக்கு, 2019 டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் அவருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது.

போக்சோ சட்டத்தின் கணக்கு எளிது. வேலியே பயிரை மேய்ந்தால் வேலிக்குக் கூடுதல் தண்டனை. போலீஸ்காரர், ராணுவத்தார், பொது ஊழியர், பள்ளி, மருத்துவமனை, மத நிறுவனம், காப்பகம் நடத்துகிறவர் என்று ஐந்தாம் பிரிவில் ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் உள்ளவர் குற்றம் செய்தால், 2017 நிலவரப்படி, குறைந்தது 10 ஆண்டு. பட்டியலில் இல்லாத ஆள் செய்தால் குறைந்தது 7. செங்கர் ஏற்கெனவே ஏழரை ஆண்டு கம்பி எண்ணிவிட்டார். எம்எல்ஏ பட்டியலில் இல்லை என்றாகிவிட்டால் குறைந்தபட்சத் தண்டனையைத் தாண்டிவிட்டார். அப்புறம் என்ன? மேல்முறையீடு முடியும் வரை தண்டனை நிறுத்திவைப்பு. தண்டனை கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகியும் அந்த மேல்முறையீடு அப்போது முடிந்திருக்கவில்லை என்பது தனிக் கதை.

நீதிபதிகளை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. 'பொது ஊழியர்' யார் என்று போக்சோ தனியாகச் சொல்லவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பார்த்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டது. அந்தப் பிரிவில் எம்எல்ஏ அடங்கமாட்டார் என்று 1984-லேயே அந்துலே வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அது ஊழல் வழக்கு. அதைக் கொண்டுவந்து ஒரு சிறுமியின் வழக்கில் வைத்தார்கள்.

சரி, அந்த 21-ஆம் பிரிவில் யார்தான் இருந்தார்கள்? 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய பட்டியல். அதில் ஜூரி உறுப்பினரும் இருந்தார். ஜூரி முறையே இந்த நாட்டில் ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் அவர் பொது ஊழியராகவே நீடித்தார். வாக்காளர் பட்டியல் தயாரிக்கிறவர் பொது ஊழியர். தேர்தலை நடத்துகிறவர் பொது ஊழியர். அந்தத் தேர்தலில் ஜெயித்து, அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கி, ஓய்வூதியமும் வாங்கப்போகிறவர் மட்டும் பொது ஊழியர் அல்ல. லஞ்சம் வாங்கினால் 1988 ஊழல் தடுப்புச் சட்டப்படி அவரும் பொது ஊழியர்தான். ஆக, பணத்தில் கை வைத்தால் ஊழியர். குழந்தை மேல் கை வைத்தால் தனிநபர்.

'நம்பிக்கைக்கோ அதிகாரத்துக்கோ உரிய இடத்தில் இருப்பவர்' என்று ஐந்தாம் பிரிவில் இன்னோர் உட்பிரிவும் உண்டு. அதிலும் அன்று அவர் அகப்படவில்லை.

அந்தச் சிறுமி செங்கர் வீட்டுக்கு ஏன் போனாள்? வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். யார் வீட்டில் போய் வேலை கேட்பார்கள் இந்த நாட்டில்? ஜூரி உறுப்பினர் வீட்டிலா? அவர் எம்எல்ஏ என்பதால்தான் அந்த வாசலுக்கு அவள் போக நேர்ந்தது. எம்எல்ஏ என்பதால்தான் அவள் புகார் மாதக்கணக்கில் தூங்கியது. 2018 ஏப்ரலில் அவள் அப்பாவை அடித்துத் துவைத்தார்கள். அடி வாங்கியவர் மீதே ஆயுத வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். முதல்வர் வீட்டு வாசலில் அவள் தீக்குளிக்க முயன்றாள். மறுநாள் அப்பா காவலிலேயே செத்துப்போனார். அந்த வாரம் பத்திரிகையாளர்களைச் சந்தித்த மாநிலக் காவல்துறைத் தலைவர், குற்றம் சாட்டப்பட்டவரை 'மாண்புமிகு எம்எல்ஏ' என்று மரியாதை குறையாமல் குறிப்பிட்டார். இதென்ன என்று கேட்டபோது, இன்னும் குற்றம் நிரூபணமாகவில்லையே என்றார். அப்போது யாருக்கும் 21-ஆம் பிரிவில் சந்தேகம் வரவில்லை.

கைதாகிச் சிறைக்குப் போன பிறகும் மாண்பு குறையவில்லை. 2019 ஜூனில் உன்னாவ் எம்பி சாக்ஷி மகராஜ் சீதாபூர் சிறைக்கே நேரில் போய், தேர்தல் முடிந்ததும் செங்கருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். செங்கரின் அப்போதைய கட்சி அவரை வைத்துக்கொண்டுதான் இருந்தது. ஜூலை 28 அன்று, நம்பர் பிளேட்டில் கறுப்பு பூசிய ஒரு லாரி அந்தப் பெண் போன காரில் மோதியது. அவளுடைய உறவுக்காரப் பெண்கள் இருவர் இறந்தார்கள். அவளும் வக்கீலும் உயிருக்குப் போராடினார்கள். அந்த வழக்கின் சதிக் குற்றச்சாட்டிலிருந்து செங்கரை நீதிமன்றம் பின்னர் விடுவித்துவிட்டது; அதையும் சொல்லிவிடுவோம். ஆனால் நாடு கொதித்த பிறகுதான் கட்சிக்கு வெட்கம் வந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி நீக்கினார்கள். அதே நாள் உச்ச நீதிமன்றம் வழக்குகளை டெல்லிக்கு மாற்றியது.

அதே நாள் இன்னொன்றும் நடந்தது. மக்களவை போக்சோ திருத்த மசோதாவை நிறைவேற்றியது.

வீரமான மசோதா. பட்டியலில் உள்ளவர்களுக்கு 10 ஆண்டு 20 ஆண்டானது. தூக்கும் சேர்ந்தது. ஐந்தாம் பிரிவையே மேசைமேல் விரித்து வைத்துப் புதிதாகச் சேர்த்தார்கள். இயற்கைப் பேரிடரின்போது குற்றம் செய்தால் அதுவும் கடுங்குற்றம் என்று யோசித்து எழுதினார்கள். புயல், வெள்ளம் வரை நினைவுக்கு வந்திருக்கிறது. அன்றைய நாளிதழின் முதல் பக்கத்தில் படத்தோடு இருந்த எம்எல்ஏ மட்டும் நினைவுக்கு வரவில்லை. 'எம்பி, எம்எல்ஏ' என்று இரண்டு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும். பேனாவில் மை தீர்ந்திருக்கும்.

தூக்கு என்றால் தலைப்புச் செய்தி. பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதை யார் செய்தியாக்குவார்கள்?

பின்னால் தண்டனைச் சட்டத்தையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவந்தார்கள். அடிமைச் சின்னங்களை அகற்றுகிறோம் என்றார்கள். பொது ஊழியர் பட்டியலையும் தூசு தட்டினார்கள். ஜூரியைத் தூக்கினார்கள். எம்எல்ஏவைச் சேர்க்கவில்லை.

நம்மூர் மட்டும் என்ன? சிறுமிகளிடம் அத்துமீறிய ஆசிரியருக்கு வேலையும் போகும், கல்விச் சான்றிதழும் ரத்தாகும் என்று தமிழக அரசு ஆணை போட்டது 2012-இல். 2025-இல் பர்கூர் அருகே ஓர் அரசுப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் கைதானபோது, சான்றிதழ் ரத்தாகும் என்று மறுபடியும் முழங்கினார்கள். பதின்மூன்று வருடம் அந்த ஆணை எந்த பீரோவில் இருந்தது? புகாரை அமுக்கும் தலைமைக்கும் நிர்வாகத்துக்கும் போக்சோவில் அதிகபட்சம் ஓராண்டுதான். அதில் கை வைத்துக் கூட்ட வேண்டும் என்று எந்த அவையிலும் மேசை தட்டிய சத்தம் கேட்டதில்லை. குற்றவாளிக்கு 20 ஆண்டு. அவனை மூடி மறைத்தவருக்கு அடுத்த ஆண்டு நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரை வராமலிருந்தால் நம் அதிர்ஷ்டம்.

செங்கர் வெளியே வரவில்லை. டிசம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கான்ஸ்டபிள் பொது ஊழியர், பட்வாரி பொது ஊழியர், எம்எல்ஏ மட்டும் விலக்கா என்று தலைமை நீதிபதி அமர்வு கவலைப்பட்டது. பட்வாரி என்றால் நம்மூர் விஏஓ மாதிரி. அந்தக் கவலை வர ஆறு நாள். அந்த ஆறு நாளுக்குள், ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்த பெண் இந்தியா கேட் பக்கம் தெருவில் உட்கார்ந்தாள். போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. போலீஸ் பொது ஊழியர்தான். அதில் சந்தேகமே இல்லை.

இனி இதை நீதிமன்றம் வியாக்கியானம் செய்து தீர்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு வரித் திருத்தம். மக்களவையில் 543 இடம், மாநிலங்களவையில் 245. அவ்வளவு பேரும் ஒருமுறை 'ஆம்' என்றால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். தங்கள் சம்பளத்தைக் கூட்டும்போது அவர்கள் ஒற்றுமையை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பொது ஊழியர்களை அல்லவா நாம் வேலை வாங்க முடியும்? அமைச்சர்கள் நீங்கலாக, அந்த அவைகளில் அப்படி ஒருவரும் இல்லையாம்.