பதினோராவது பொருத்தம்: தாம்பத்தியத்தில் மின்விசிறி வேகத்தின் இடம் குறித்து ஒரு முன்னோட்ட ஆய்வு

தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை எனப் பொருத்தங்கள் பத்து. இவற்றில் எட்டோ ஒன்பதோ கூடிவந்து, மண்டபம் பிடித்து, பந்தி பந்தியாகச் சாப்பாடு போட்டு முடித்த கல்யாணங்களிலும், மறுவீடு போய்வந்த சூட்டோடு மணமக்கள் கதவைச் சாத்திக்கொண்டு அடங்கிய குரலில் சண்டை போடுகிறார்கள். பெரியவர்கள் கேட்டும் கேளாதவர்களாகக் கூடத்தைக் கடந்துபோகிறார்கள். எதைப் பற்றிய சண்டை அது என்று எந்தப் பஞ்சாங்கமும் ஆராயவில்லை. இக்கட்டுரை அக்குறையைத் தீர்க்க முற்படுகிறது. ஆய்வுப் பொருள், கூரையில் தொங்கும் விசிறி. சர்ச்சைக்குரிய உறுப்பு, சுவரில் இருக்கும் ரெகுலேட்டர். கருதுகோள் அடக்கமானது: மனிதர்களை அவர்கள் உறங்கும் வேகத்தைக் கொண்டு வகைப்படுத்தி ஜோடி சேர்த்தால், இப்போது நடப்பதைவிட மோசமாக எதுவும் நடந்துவிடாது.

முன்னோர் கொள்கைகளை முதலில் ஒரு கை பார்ப்பது ஆய்வு மரபு. குணவகையை வைத்துப் பொருத்தம் பார்ப்பது நேற்று முளைத்த பழக்கம் அன்று. கணப் பொருத்தம் என்பதே அதுதான். 27 நட்சத்திரங்களையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து தேவர், மனுஷர், ராட்சசர் என்று மூன்று வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். இது போதாதென்று யோனிப் பொருத்தம் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு விலங்கைக் கொடுத்தது. விளைவைப் பாருங்கள். மகத்துப் பையனும் ஆயில்யத்துப் பெண்ணும் கணத்தில் ஒரே இனம், இருவரும் ராட்சசர். யோனிக்கு வந்தாலோ அவன் எலி, அவள் பூனை. ஒரே ஆளைப் பற்றி இரண்டு பொருத்தங்கள் இரண்டு கதை சொன்னால் எதை நம்புவது? போதாக்குறைக்கு, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஊரே சொல்கிறது. அந்த மாமியார் ராத்திரி ஃபேனை எத்தனையில் வைப்பார் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

தொல்காப்பியர் இவ்விஷயத்தில் தெளிவாக இருந்தார். மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்கு அவர் சொல்லும் பத்து ஒப்புமைகளில் குடி உண்டு, வயது உண்டு, உருவம் உண்டு, அருளும் உணர்வும் உண்டு. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அதோடு விடாமல் அடுத்த நூற்பாவிலேயே அவர்களிடம் இருக்கக் கூடாத குணங்களையும் அடுக்குகிறார். கொடுமை, வன்சொல், மறப்பு ஆகியவற்றோடு மடிமையும் அதில் இருக்கிறது. காதலுக்கும் சோம்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று உரை படிப்பவர்கள் திகைக்கலாம். இரவு ஒரு மணிக்கு, கட்டிலிலிருந்து எட்டாத தூரத்து ரெகுலேட்டரைக் குறைக்க யார் எழுந்துபோவது என்ற நிலை வரும்போது அந்தத் திகைப்பு தீர்ந்துவிடும்.

மேற்கில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் ஒரு மாமியார். மிகைக்காகச் சொல்லவில்லை. கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்க அம்மையாரின் ஒரே மகள் இசபெல், கிளாரன்ஸ் மையர்ஸ் என்பவரைக் காதலித்து 1918-இல் கைப்பிடித்தார். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் காரியம், கணக்கு, ஒழுங்கு என்று இருப்பவர். மாமியார் வீட்டின் கற்பனைப் போக்கோடு கொஞ்சமும் ஒட்டாதவர். நம் ஊர் மாமியார் என்றால் இதை நாத்தனாரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பார். கேத்தரின் மனித குணங்களை வகைபிரிக்கும் நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். 1923-இல் கார்ல் யுங்கின் உளவியல் வகைகள் பற்றிய நூல் ஆங்கிலத்தில் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகளும் சேர்ந்துகொள்ள, நான்கு இரட்டைகள், பதினாறு வகைகள் என்று மையர்ஸ்-பிரிக்ஸ் அளவீடு உருவானது. இன்று சியோலில் பையனும் பெண்ணும் முதல் சந்திப்பிலேயே ஒருவரையொருவர் நான்கு எழுத்தில் விசாரித்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் இதே காரியத்துக்கு ரத்த வகை பயன்படுகிறது; 1971-இல் நோமி மாசாஹிக்கோ எழுதிய ஒரு புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. மாப்பிள்ளையைப் புரிந்துகொள்ள ஒரு மாமியார் பட்ட பாடு உலகத்துக்கே பொருத்தம் பார்க்கும் கருவியாகிவிட்டது என்பதில் இவ்வாய்வாளருக்கு அந்த அம்மையார் மீது மரியாதை கூடவே செய்கிறது.

இனி ஈர்ப்பு. இதற்கும் குணவகைக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட மெலிந்தது. ஜேம்ஸ் பொசார்ட் என்ற சமூகவியலாளர் ஃபிலடெல்ஃபியாவில் 5,000 திருமண உரிமங்களை எடுத்துப் பார்த்து 1932-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள், ஐந்து தெரு தாண்டாத தூரத்தில் குடியிருந்தவர்கள். அதாவது காதலுக்குக் கண் இல்லை என்பது பாதி உண்மை, நடக்கவும் சோம்பல். அத்தை மகனையும் மாமன் மகளையும் வைத்துக்கொண்டு, ஒரே பஸ் ஸ்டாப்பில் மூன்று வருஷம் நின்று பழகிய நமக்கு இது புதிய செய்தி அன்று.

ஆனால் பொசார்ட் கவனிக்காத ஒன்று உண்டு. பஸ் ஸ்டாப்பில் மின்விசிறி கிடையாது. கடற்கரையில் காற்றை யாரும் குறைக்க முடியாது. அலுவலகத்தில் குளிரை நிர்வாகம் தீர்மானிக்கிறது, தியேட்டரில் தியேட்டர்காரர். ஈர்ப்பு பிறக்கும் இடங்கள் எல்லாம் ரெகுலேட்டர் இல்லாத இடங்கள். பொருத்தம் சோதிக்கப்படுவதோ அது இருக்கும் ஒரே அறையில். காதலித்துக் கட்டியவர்களும் பார்த்துக் கட்டியவர்களும் இங்கே ஒரே நிலைதான். இருவருக்குமே முதல் ராத்திரியில்தான் எண் தெரியவருகிறது.

களத்தில் கண்ட வகைகளுக்கு வருவோம். இரண்டில் வைப்பவர்களை ‘இரண்டார்’ என்க. விசிறி சுற்றுகிறது என்ற நம்பிக்கையே இவர்களுக்குப் போதும். காற்று வந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. ‘தலையில கோத்துக்கும்’ என்பது இவர்களின் தத்துவம். ஐந்தில் வைப்பவர்கள் ‘ஐந்தார்’. இவர்களுக்குக் காற்றைவிட அந்தக் கடகடச் சத்தம் முக்கியம். கார்த்திகை மாத மழையிலும் அது இல்லாமல் கண் மூடாது. அகத்திணை வாடையைப் பிரிவின் துயரோடு சேர்த்துவைத்தது. ஐந்தில் சுழலும் விசிறி தருவது வாடையே; கட்டிலின் இரு ஓரங்களிலும் உடனே பிரிவு தொடங்கிவிடுகிறது. மூன்றில் வைப்பவர்களை நடுநிலையாளர் என்று நம்பி ஏமாற வேண்டாம். ‘உனக்கு எப்படி வேணுமோ வெச்சுக்கோ’ என்று படுத்துவிட்டு, விடியற்காலையில் ஓசைப்படாமல் எழுந்து அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் இந்த வகையில்தான் அதிகம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இது குணமா, உடம்பு வாகா? நியாயமான கேள்விதான். அலுவலகங்களின் குளிர் அளவுக்கு அடிப்படையான பழைய சூத்திரம், 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடற்சூட்டை வைத்துப் போடப்பட்டது என்றும், பெண்கள் அங்கே துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்வதற்கு அதுவே காரணம் என்றும் 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் காட்டியிருக்கிறார்கள். (துப்பட்டா இவ்வாய்வாளரின் சேர்க்கை.) ஆக, இரண்டாரையும் ஐந்தாரையும் உடம்பின் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, கம்பளியை உச்சந்தலை வரை இழுத்து மூடிக்கொண்டு உறங்குபவரை எந்த உடற்கூற்றியல் விளக்கும்? இவரே ‘போர்வை ஐந்தார்’. புழுக்கமும் இல்லை, குளிரும் இல்லை. இரண்டையும் தானே உண்டாக்கி ஒன்றால் மற்றொன்றை வெல்லும் இன்பம் அவருக்கு. இது கலப்படமில்லாத குணம். மதுரை வெயிலில் இந்த வகையை மணந்த இரண்டார் ஒருவரின் முகத்தை ஒரு காலை வேளையில் பார்த்தாலே போதும், கருதுகோள் நிரூபணமாகிவிடும்.

எங்கள் பெரியம்மா வீட்டு ரெகுலேட்டரில் குமிழ் உடைந்து வெகு காலமாகிறது. தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். திருகுவதற்கென்று ஜன்னல் கட்டையில் ஒரு குறடு.

“ஏங்க, ஒண்ணு கொறைங்க. முட்டி குடையுது.”

“காத்து இல்லேன்னா கொசு வரும்டி.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இருட்டில் குறடு தண்டைக் கவ்வும் ஓசை, ஒரு ‘கடக்’. பெரியப்பா ஐந்தார். குறைத்த பிறகு கொசுவை விரட்டத் துண்டை எடுத்து அவரே விசிறிக்கொள்வார். கரன்ட் பில் குறையும் என்று அவ்வப்போது தன்னைத் தேற்றிக்கொள்வதும் உண்டு. அது அந்தக் காலத்து மின்தடை ரெகுலேட்டர். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகித் தொலையும் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தக் கணக்கிலும் சேராத ஜோடி இது. இதற்கு விளக்கம் 2020-இல் வந்தது. சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக் முதலியோர் 43 ஆய்வுத் தொகுதிகளிலிருந்து 11,000-க்கும் மேற்பட்ட ஜோடிகளின் விவரங்களைச் சேர்த்துக் கணினியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைவிட, இருவருக்கிடையே என்ன நடக்கிறது என்பதே, தன் துணை தன்னை மதிக்கிறதா, விட்டுப்போகாதா என்பதே, உறவின் நிறைவை அதிகம் சொன்னது. பதினாறு வகைக்காரர்களுக்கும் மூன்று கணக்காரர்களுக்கும் இது இடி. இவ்வாய்வாளரின் கட்சிக்கும் சற்று இடிதான்; ஐந்தா இரண்டா என்பது எண் மட்டும், குறடு யார் கையில் என்பதே பொருத்தம் என்றாகிவிடுகிறது.

தொழில்நுட்பம் இப்போது அதையும் கலைக்கிறது. புதிய பி.எல்.டி.சி. விசிறிகள் பழைய 75 வாட்டுக்குப் பதில் ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகின்றன, ரிமோட்டோடு வருகின்றன. எழுந்துபோக வேண்டியதில்லை என்பதால் மடிமை ஒழிந்தது. ஆனால் ரிமோட் யார் தலையணைக்கடியில் இருக்கிறதோ அவர் கணம் ஏதானாலும் நடைமுறையில் ராட்சசர். குளிர்சாதனம் உள்ள வீடுகளில் அரசே மத்தியஸ்தம் செய்ய முயன்றது: 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. தொடங்கத்தான் விதி, பிறகு பதினெட்டுக்கு இறக்கும் விரலைத் தடுக்க விதி இல்லை.

ஆகவே ஜாதகக் குறிப்புத் தாளில் கோத்திரத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவே ஒரு வரி சேர்க்க வேண்டும்: மின்விசிறி வேகம், போர்வை உண்டு அல்லது இல்லை. தோஷம் இருந்தால் பரிகாரமும் சுலபம், ஆளுக்கொரு போர்வை. மோட்டாருக்கு நேர் கீழே காற்று குறைவு, இறக்கைகளுக்குக் கீழேதான் அதிகம் என்பதால் கட்டிலை ஒரு முழம் நகர்த்துவது இரண்டாம் பரிகாரம். இந்த யோசனையை அனுபவமுள்ள கல்யாணத் தரகர் ஒருவரிடம் வைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“போடலாம் சார். ஆனா பையன் வீட்டுல என்ன எழுதுவாங்க தெரியுமா? ‘எதுவானாலும் அனுசரிச்சுப் போவான்’னு எழுதுவாங்க. பொண்ணு வீட்டுலயும் அதையேதான் எழுதுவாங்க. ரெண்டு பேரும் அனுசரிச்சுட்டா அப்புறம் ஃபேன எதுல சார் வெக்கிறது?”