ஆகாயத்தாமரையின் நன்றி மடல்

அனுப்புநர்: ஆகாயத்தாமரை, ஹரிகே ஈரநிலம், பஞ்சாப்.
பெறுநர்: பஞ்சாப் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பாட்டியாலா.
பொருள்: தடையில்லாமல் உணவு வழங்கிவருவதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய வாரியத்தாருக்கு,

தென் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்தவள் நான். பியாஸ், சட்லெஜ் ஆறுகள் கூடுமிடத்தில் 1950-களில் தடுப்பணை கட்டி, மனிதர்கள் உண்டாக்கியது என் ஹரிகே ஏரி. 1990-இல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து போகும். நான் போவதே இல்லை. வந்தாரை வாழவைக்கும் வாரியத்தை விட்டு யார் போவார்கள்?

பியாஸ் கொண்டுவருவது வெறும் கஞ்சி. சட்லெஜ்தான் விருந்து. லூதியானாவுக்குள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஓடும் புட்டா நாலா என்னும் ஓடை நகரச் சாக்கடை, மாட்டுப்பண்ணைச் சாணம், சாயக்கழிவு எல்லாவற்றையும் அதில் சேர்க்கிறது. சாயம் எனக்கு வேண்டாம். நைட்ரஜனும் பாஸ்பரசும் போதும். நல்ல பருவத்தில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாவேன். எனக்குக் கீழே வெளிச்சம் இறங்காது, ஆக்சிஜன் குறையும், மீன் திணறும். அது மீனின் பாடு.

அவ்வப்போது ஆள் வைத்து என்னை அள்ளுகிறார்கள். வருத்தமில்லை. இலையை எடுக்கிறார்களே தவிர, பந்தியை யாரும் நிறுத்துவதில்லை.

2016 டிசம்பரில் நீரிலும் நிலத்திலும் ஓடும் பேருந்து ஒன்று வந்தது. ஆய்வுக்குத்தான் வருகிறார்களோ என்று பயந்தேன். சுற்றுலாவாம்! மறு ஆண்டு ஆட்சி மாறியது, அதுவும் நின்றது.

2018 மே மாதம் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு பியாஸில் கலந்து மீன்கள் செத்து மிதந்தன. நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சட்லெஜ், பியாஸ் மாசுக்காக மாநில அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2019-இல் சிந்து டால்பினை மாநில நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். பட்டம் பெற்ற டால்பின் பியாஸிலேயே ஒதுங்கிக் கிடக்கிறது. பட்டமே இல்லாத நான் சட்லெஜ் தயவில் செழிக்கிறேன்.

ஒரே கவலைதான். ஹரிகேயில் பிரியும் கால்வாய்களின் நீரைத்தான் தென் பஞ்சாபும் ராஜஸ்தானும் குடிக்கின்றன. 2024-இல் ‘காலே பானி தா மோர்ச்சா’ (கறுப்புத் தண்ணீர்ப் போராட்டம்) என்று மக்கள் லூதியானாவில் திரண்டபோது என் வேரே ஆடிவிட்டது. சாக்கடையைச் சுத்திகரித்துத்தான் ஆற்றில் விடவேண்டுமாம். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றுக்கே வரக்கூடாதாம். இதெல்லாம் நடந்துவிட்டால் என் குலம் பட்டினிதான்.

ஆகவே, என்னை அள்ளும் டெண்டர் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கட்டும். நீங்கள் நாலாவின் வாயை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களின் குரல் உங்கள் காதில் விழாதவரை எனக்குக் குறையொன்றும் வராது.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள,
ஆகாயத்தாமரை