கலக்குங்க... கலங்கவிடாதீங்க!

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்கிறார்கள். எனக்கு மட்டும் வாடிய கத்தரிக்காய் நிறம்தான் வருகிறது. கைராசியா?
*– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

கையை விடுங்கள், சிவப்பை விசாரியுங்கள். வெர்மிலியன், ஸ்கார்லெட் போன்றவை ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்புகள். தாலோ புளூ பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். இரண்டும் மஞ்சளை மடியில் முடிந்துகொண்டு வந்தவை. ஆக, நீங்கள் கலந்தது இரண்டல்ல, மூன்று. மூன்று முதன்மை நிறங்களும் கூடிவிட்டால் வெளிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமாக விழுங்கிவிடும்; மிச்சம் பழுப்பும் சாம்பலும்தான். சிவப்புக்குப் பதில் குயினாக்ரிடோன் ரோஸ் எடுங்கள், நீலத்துக்கு அல்ட்ராமரைன். இரண்டுமே ஊதாப் பக்கம் சாய்ந்தவை. ஊதா கேட்காமலே வரும்.

ஒரே கலவையில் எத்தனை நிறம் போடலாம்?
*– வங்கி ஊழியர், கரூர்*

பளிச்சென்று வேண்டுமா, இரண்டு. மூன்றாவது சேர்ந்தால் கூட்டணி ஆட்சி: எல்லோரும் இருப்பார்கள், யாருடைய நிறமும் தெரியாது.

48 கலர் பெட்டி வாங்கித் தரச் சொல்லி மகன் அடம்பிடிக்கிறான்...
*– குடும்பத்தலைவி, திருநெல்வேலி*

அந்தப் பணத்தில் நல்ல பேப்பர் வாங்குங்கள். 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் ஒன்றே பாதி ஓவியத்தைப் போட்டுக்கொடுத்துவிடும். நிறம் ஆறு போதும்: லெமன் மஞ்சள், கொஞ்சம் ஆரஞ்சு சாய்ந்த மஞ்சள், ஸ்கார்லெட், ரோஸ், அல்ட்ராமரைன், தாலோ புளூ. வாங்கும்போது டியூபைத் திருப்பிப் பாருங்கள். நல்ல டியூபில் நிறமியின் குறியீடு இருக்கும். அல்ட்ராமரைன் என்றால் பி.பி.29. ஒரே குறியீடு இருந்தால் உள்ளே ஒரே ஆள். சாப் கிரீன் போன்றவற்றில் பெரும்பாலும் இரண்டு, மூன்று குறியீடுகள் இருக்கும். கம்பெனியே ஏற்கெனவே கலந்துவிட்டது. நீங்கள் இன்னொன்றைச் சேர்த்தால் முந்தைய பதில் பொருந்தும்.

நாற்றங்கால் பச்சை வரவே மாட்டேன் என்கிறதே?
*– விவசாயி, மன்னார்குடி*

தினமும் அசலையே பார்ப்பவரை ஏமாற்றுவது கஷ்டம்தான். லெமன் மஞ்சளை முதலில் கரைத்து வையுங்கள். பிரஷ் நுனியில் துளி தாலோ புளூ எடுத்து அதில் தொடுங்கள். துளி என்றால் துளி. தாலோ பொல்லாத வீரியக்காரன், மஞ்சளையே காணாமல் அடித்துவிடுவான். அல்ட்ராமரைன் சேர்த்தால் முற்றிய இலைதான் கிடைக்கும், அதில் சிவப்பு ஒளிந்திருப்பதால். அறுவடைக்கு முந்தைய வயலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மெரினாவில் சூரியன் மறைவதை வரைந்தேன். ஆரஞ்சும் நீலமும் சேரும் இடத்தில் சேறு!
*– ஐ.டி. ஊழியர், சென்னை*

மெரினாவில் கடல் பக்கம் சூரியன் உதிக்கும் சார், மறையாது. சேற்றுக்கு வருவோம். ஆரஞ்சும் நீலமும் எதிரெதிர் நிறங்கள். பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்; கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். நடுவே ரோஸை விடுங்கள், அது இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். அல்லது மஞ்சளை நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் மெல்லிய நீலத்தை ஒரே வீச்சில் பூசிவிட்டுக் கையை எடுங்கள். ஆங்கில ஓவியர் டர்னர் 1819இல் வெனிஸின் விடியலை வரைந்த நீர்வண்ணங்களைத் தேடிப் பாருங்கள். சில மெல்லிய பூச்சுகள்தான், மிச்ச வெளிச்சமெல்லாம் வெள்ளைத் தாள் கொடுத்தது. நம் ஆட்கள் அந்த வெள்ளையைக் கண்டாலே பதறி மூடிவிடுகிறார்கள்.

ஈரத்தில் ஜொலிக்கிறது, காய்ந்ததும் அழுதுவடிகிறது. ஏன்?
*– ஓவிய ஆசிரியர், யாழ்ப்பாணம்*

ஈரம் இருக்கும்வரை தாளின் மேடுபள்ளத்தைத் தண்ணீர் நிரவி வைக்கிறது. காய்ந்ததும் வெளிச்சம் அந்தக் கரடுமுரடில் பட்டுச் சிதறுகிறது, நிறம் வெளிறித் தெரிகிறது. எனவே தேவையைவிட ஒரு படி அழுத்தமாகவே பூசுங்கள், துண்டுத் தாளில் காயவைத்துப் பார்த்துவிட்டு. முக்கியமாக, அரை ஈரத்தில் திரும்பப் போய் ‘டச்சப்’ செய்யாதீர்கள். பிரஷ்ஷில் உள்ள தண்ணீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, அழகான வானத்தில் ஒரு காலிஃபிளவரைப் பூக்கவைத்துவிடும்.

ஓபரா ரோஸ் கண்ணைப் பறிக்கிறதே, வாங்கலாமா?
*– புகைப்படக் கலைஞர், கோவை*

ஃபோட்டோ எடுத்து அனுப்ப வாங்கலாம். சுவரில் மாட்ட வேண்டாம். அந்த மினுமினுப்பு ஒளிரும் சாயத்திலிருந்து வருவது, வெயில் பட்டால் போய்விடும். சாயம் போவது பழைய வழக்குதான்: இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களை வெயிலில் காட்டிச் சோதித்து 1888இல் அறிக்கையே கொடுத்தார்கள். நீங்களும் செய்யலாம். ஒரு பட்டை தீட்டி, பாதியை மூடி, ஜன்னலில் ஒட்டுங்கள். நம்மூர் வெயில் சீக்கிரமே தீர்ப்பு சொல்லும்.

பெட்டியில் கறுப்பு டியூப் சும்மாவே கிடக்கிறது. தூக்கிப் போடலாமா?
*– ஓய்வுபெற்ற தபால்காரர், மதுரை*

நிழலுக்கு அதைத் தொடாதவரை நீங்கள் புத்திசாலி. போடும்முன் லெமன் மஞ்சளில் ஒரு சிட்டிகை கலந்து பாருங்கள். தெப்பக்குளத்துப் பாசிப் பச்சை வரும்.