அறுநூறு ரூபாயின் மகாத்மியம்
பட்டம் பெற்றும் உத்தியோகம் வாய்க்காதவன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, ஐந்து வருஷம் தவமிருந்து, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டவில்லையென்று சான்றும் கொணர்ந்தால், தமிழக அரசாங்கம் மனமிரங்கி, மாதம் 600 ரூபாய் வீதம் மூன்று வருஷத்துக்கு அளிக்கிறது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் பட்டதாரி, பஸ் கட்டணமும் ஜெராக்ஸும் ஒரு டீயும் போக மிஞ்சியதில் சுகபோகியாகி, வேலையையே வெறுத்துவிடுவானோ என்பது கஜானாவின் க்ஷேமத்தை விரும்பும் சிலரது விசாரம். மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனபோதும் பெருமூச்செறிந்த அப்புண்ணியவான்கள், கடும் ஊனமுற்ற ஏழைகளுக்கு மத்திய சர்க்கார் 2012 முதல் அளந்துவரும் 300 ரூபாயை நினைத்தாவது ஆறுதல் அடையலாம். டீ விலை எத்தனை முறை ஏறியும் சலனமற்றிருக்கும் அத்தொகையின் எதிரில், கல்வராயன் மலையே சற்றுச் சஞ்சல சித்தமுடையதுதான்.